எதிர்ச்சுத்து

ஐந்து டிகிரி. பட்டனை அழுத்திவிட்டேன். இனி மெஷினுக்குள் கரைசலின் சூடு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் எண்பத்தைந்து வரை ஏறும், எண்பது நிமிடம் நான் இந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்து போகலாம், யாரும் தடுக்கவில்லை, மெஷின் தானாகவே ஓடும், ஆனால் வெளியே போனால் முதலில் எதிர்ப்படுகிற முகத்தில் அறைந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அதனால் கதவைச் சாத்திக்கொண்டு நைட்ரஜன் சிலிண்டர் சீறுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவாவது சீறட்டும். மடியில் ஒரு தாள். கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் எழுதியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிய தாள். மூன்று பெயர், மூன்று கட்டம், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்த வேலை என்ன என்று ஒரு வரி. முதல் பெயர் நிகிலேஷ், ஆய்வைத் திட்டமிட்டு நடத்தியவர். இரண்டாவது பெயர் இசக்கியம்மாள், அதாவது நான், அளவீடுகளில் உதவியவர். மூன்றாவது எங்கள் கைடு டாக்டர் சம்பந்தமூர்த்தி. கடைசி இடம் கைடுக்கு, அது வழக்கம், அதில் எனக்குச் சண்டையில்லை. முதல் இடம் வேலை செய்தவருக்கு, அதுவும் வழக்கம்தான். உதவியவர். ஆறு வருஷமாக இந்த ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து இதன் ரெக்ஸினில் என் உருவமே பதிந்து கிடக்கிறது, நான் உதவியவர். முதல் பெயராக ஒரு கட்டுரை இல்லாமல் இங்கே தீசிஸ் கொடுக்க முடியாது, விதி. இந்த மாதம் முப்பதாம் தேதியோடு என் பதிவு முடிகிறது, இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது, மூன்றாவது முறை கிடையாது, அதுவும் விதி. இதெல்லாம் கைடுக்குத் தெரியாமல் இல்லை. நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். ஐந்து மணிக்குக் கட்டுரையை அனுப்புகிறார். அதற்கு முன்னால் இந்தக் கடைசி வரைபடமும் வேண்டும், என் கையெழுத்தும் வேண்டும். இரண்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.

பதினொன்று. பன்னிரண்டு. திரையில் புள்ளி புள்ளியாகக் கோடு நகர்கிறது. இடப்பக்கம் முறுக்கிய ஒளி, வலப்பக்கம் முறுக்கிய ஒளி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கரைசலுக்குள் அனுப்பி, எதை அது அதிகமாக விழுங்குகிறது என்று பார்க்கிற மெஷின் இது. சி.டி. என்று பெயர். அம்மா அதைப் பாட்டுக் கேட்கிற சி.டி. என்று நினைத்துக்கொண்டு, அதுக்கா ஆறு வருசம் என்றாள். உள்ளே கண்ணாடிக் குப்பியில் இருப்பது என் பெப்டைடு, பார்த்தால் வெறும் தண்ணீர். புரதம் என்றால் மணி கோத்த மாலை, இருபது வகை மணி, அதில் புரோலின் என்று ஒன்று. மற்ற மணிகளுக்கு வால் வெளியே தொங்கும். இதற்கு மட்டும் வால் வளைந்து வந்து தன் முதுகையே பிடித்துக்கொள்ளும், அதனால் சொன்ன பக்கமெல்லாம் வளையாது. புரதங்களில் எல்லோருக்கும் தெரிந்த சுருள் ஒன்று உண்டு, வலப்பக்கமாகச் சுற்றும், அதற்குள் புரோலின் வந்து உட்கார்ந்தால் சுருள் உடையும். அதனால் பாடப்புத்தகத்தில் இதற்குச் சுருளை முறிப்பது என்று பெயர், வந்த வீட்டை இரண்டாக்கினாள் என்று மருமகளைச் சொல்கிற மாதிரி. ஆனால் புரோலினையே வரிசையாகக் கோத்துப் பாருங்கள், அது தன்பாட்டுக்கு ஒரு சுருள் சுற்றும். இடப்பக்கமாக. மூன்று மணிக்கு ஒரு சுற்று. வலச்சுருளுக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற கட்டுகள் ஏகப்பட்டவை இருக்கும், இதற்கு ஒன்றுகூட இல்லை, கைத்தாங்கல் இல்லாமல் தன் விறைப்பிலேயே நிற்கும். நம் தோலும் எலும்பும் தசைநாரும் நிற்பதே இதை நம்பித்தான். இந்த இடச்சுருள் மூன்றைச் சேர்த்து முறுக்கிய கயிறுதான் அவற்றுக்குள் இருப்பது. ஆட்டுக்கால் சூப் குடித்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அது அந்தக் கயிறு வெந்து பிரிந்தது. முதல் வருஷம் இந்தச் சுருளின் அடையாளத்தை நான் இதே திரையில் பார்த்தேன். இருநூற்று இருபத்தெட்டு நானோமீட்டரில் சின்ன மேடு. அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். கைடு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “இதுல என்னம்மா இருக்கு? ஒழுங்கே இல்லாத நூல். இல்லாததுக்கெல்லாம் பேர் வைக்காத,” என்று தாளை மேசையில் நழுவவிட்டார். அது வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவள் நான். ஆறு வருஷம் கழித்தும் அந்தக் குனிதல் என் முதுகில் இருக்கிறது.

ஒழுங்கே இல்லாத நூல். நான் விடவில்லை. எங்கள் லேபில் காலங்காலமாக எல்லாக் கரைசலிலும் சாதாரண உப்பைப் போடுவார்கள், ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அந்த உப்பில் இருக்கிற குளோரைடு இருநூறுக்குக் கீழே ஒளியைக் குடித்துவிடும், பக்கத்தில் இருக்கிற பள்ளம் கலங்கித் தெரியும். உப்பை எடுத்துவிட்டு வேறு கரைசல் செய்தேன். மேட்டுக்குப் பக்கத்தில் இருநூற்று ஐந்தில் கிணறு மாதிரிப் பள்ளம் விழுந்தது. ஒழுங்கில்லாத நூலுக்குப் பள்ளம் அங்கே விழாது, இன்னும் தள்ளி விழும். காட்டினேன். கரைசல் சரியில்லை என்றார். மறுபடி செய்தேன். மெஷின் விளக்கு பழசு என்றார். விளக்கை மாற்றச் செய்து மறுபடி எடுத்தேன். இரண்டு வருஷம், இலவு காத்த கிளி மாதிரி. கடைசியில் டென்மார்க்கிலிருந்து கருத்தரங்குக்கு வந்த ஒரு பெண்மணி என் போஸ்டர் முன்னால் நின்று, கையில் காப்பிக் கோப்பையோடு, ஓ, இடச்சுருள் அல்லவா, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்தச் சுருள் அவருக்கு “நம்ம ஹெலிக்ஸ்”. இல்லாத பிள்ளைக்குப் பேர் வைக்கக் கூடாது, பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அப்பா என்று எழுதிக்கொள்ளலாம். நிகிலேஷ் வந்து ஒன்றரை வருஷம். நல்ல பையன், அதுதான் எரிச்சல், கெட்டவனாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். அக்கா அக்கா என்பான், டீ வாங்கித் தருவான். அவனுக்கு ஜெர்மனியில் நேர்முகத் தேர்வு. அதற்காக என் ஆறு வருஷத்தை எடுத்து அவன் தட்டில் வைத்தார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. “பெரிய மனசு பண்ணும்மா. உனக்கென்ன, அடுத்த பேப்பர் உன்னோடதுதான்.” மூன்றாவது அடுத்த பேப்பர் இது. பெரிய மனசு. அது ஏன் எப்போதும் என்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்கிறார்கள்?

இருபத்தாறு. கோடு மெல்ல இறங்குகிறது. இந்தச் சுருள் சூட்டில் படக்கென்று முறியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளரும், எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. எழுந்து பக்கத்துக் கணினியில் அந்தப் படத்தைத் திறந்தேன். காலையிலிருந்து எட்டாவது முறை. கட்டுரையின் முதல் படம், என் சுருளின் உருவம், நீலமும் ஆரஞ்சுமாக, அழகாகத்தான் வரைந்திருக்கிறான். இந்த வேலையில் எல்லோருக்கும் முதல் வாரமே சொல்லித்தருகிற ஒரு சோதனை உண்டு. கட்டைவிரலை மேலே நீட்டி, மற்ற விரல்களை மடக்கி, விரல்கள் மடங்குகிற போக்கிலேயே ஏணி ஏறுகிற மாதிரி சுருள் மேலே ஏறுகிறதா என்று பார். வலக்கைக்குப் பொருந்தினால் வலச்சுருள், இடக்கைக்குப் பொருந்தினால் இடச்சுருள். இடக்கையைத் திரைக்கு எதிரே பிடித்தேன். பொருந்தவில்லை. காலையிலும் பொருந்தவில்லை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் பொருந்தவில்லை. வலக்கையை வைத்தால் கச்சிதமாக உட்காருகிறது. காலையில் பத்து மணிக்கு நிகிலேஷ் இதைக் காட்டியபோது, “பாகத்துக்கெல்லாம் பேர் எழுத எடம் இடிச்சுது அக்கா, அதான் படத்த அப்படியே திருப்பிப் போட்டுட்டேன், நல்லாருக்கில்ல?” என்றான். கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டிவிட்டான். புரட்டினால் இடம் வலமாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை, அவர் பார்த்து நன்று என்று எழுதி அனுப்பிவிட்டார். கட்டுரையின் தலைப்பில் இடச்சுருள், அதற்குக் கீழேயே படத்தில் வலச்சுருள். நல்லாருக்கு என்றேன். நான் அவனிடம் சொன்ன முதல் பொய், சொன்னவுடன் நாக்கில் இனித்தது.

சொல்ல மாட்டேன். போகட்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு இருப்பேன். எங்கேயோ ஒரு ஊரில் ஒருவர் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார். இல்லை, அவரும் கவனிக்காமல் விட்டு, கட்டுரை அச்சாகி, டிசம்பரில் ஹைதராபாத் கருத்தரங்கில் நம் டாக்டர் சம்பந்தமூர்த்தி இருபதடித் திரையில் இந்தப் படத்தைப் போட்டு, நாங்கள் கண்டுபிடித்த இடச்சுருள் என்று குச்சியால் சுட்டிக்காட்ட, முன்வரிசையில் அந்த டென்மார்க் பெண்மணி பேசாமல் தன் இடக்கையைத் தூக்கிப் பிடிக்க, அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர், அரங்கம் முழுக்க இடக்கைகள் எழும். இந்தக் காட்சியை நான் காலையிலிருந்து மென்று தின்றுகொண்டிருக்கிறேன், மத்தியானச் சாப்பாட்டைவிட நன்றாக இருந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். மட்டாகவே இருக்கட்டும். புத்தியாக இருந்து என்ன வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஒரு ஸ்டூல்.

நாற்பத்திரண்டு. இடக்கை. ஒன்றாம் வகுப்பில் ஸ்டெல்லா டீச்சர் என் சடை ரிப்பனை அவிழ்த்து இந்தக் கையைப் பெஞ்சுக்காலோடு கட்டிவைத்தாள். ஒரு மாதம் தினமும். ரிப்பன் சிவப்பு, சாயம் போகிற ரகம், மணிக்கட்டில் சிவப்பு வளையம். வலக்கையால் எழுதக் கற்றுக்கொண்டேன், இன்றும் வலக்கையால்தான் எழுதுகிறேன், அச்சடித்த மாதிரி. ஆனால் மற்றதற்கெல்லாம் கை தானாக இடப்பக்கம் ஓடும். சோறு பிசைய ஓடினால் அடி. யாருக்காவது எதையாவது கொடுக்க ஓடினால் அடி. பீச்சாங்கை, பீச்சாங்கை. பத்து வயசில் லீவு நாட்களில் அம்மாவோடு பீடி சுருட்ட உட்கார்ந்தேன், வீரவநல்லூரில் எங்கள் தெருவில் எல்லா மடியிலும் இலையும் தூளும் வைத்த ஒரு சுளகு இருக்கும். அம்மா சுருட்டினால் இலை ஒரு பக்கமாகச் சுற்றும். நான் சுருட்டினால் மறுபக்கமாக. பார்க்க ஒன்றுதான், இறுக்கம் ஒன்றுதான், பற்றவைத்தால் புகை ஒன்றுதான். பீடிக்கடையில் சோதனை போடுகிறவர் கட்டைப் பிரித்து, விரலில் உருட்டிப் பார்த்து, “எதிர்ச்சுத்து, கழிவு” என்று ஓரமாக வீசினார். கழிவுக் குவியலில் என் பீடிகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தன. அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள், அடுத்த வாரத்திலிருந்து என் பீடிகளைக் கட்டுக்கு நடுவில் வைத்து, சுற்றிலும் தன்னுடையதை வைத்துக் கட்டினாள். வெளியே பார்க்கிறவனுக்கு எல்லாம் அம்மா சுற்று. அதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நான்தான் பார்த்தேன்.

போன் துடிக்கிறது. நினைத்த மாத்திரத்தில் அவளேதான். “ஏட்டி எசக்கி, சாப்ட்டியா?” சாப்பிட்டேன் என்றேன். “என்னட்டி சத்தம் அது, பாம்பு சீறுத மாதிரி?” சிலிண்டர் என்றேன். “எப்பம் முடியும் ஒன் படிப்பு? இங்கன ஆளாளுக்குக் கேக்காவ.” இன்றைக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் ஒன்று முடியும் என்றேன், எது முடியும் என்று சொல்லவில்லை. இலையை வெட்டுகிற கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. “வாசிச்சுப் பாத்துட்டுப் போடு. கம்பெனில நீட்டுன தாள்ல நான் கைநாட்டு வச்சேம்லா, வேலைக்காரிப் பட்டியல்ல இருந்து எம்பேரு அன்னைக்குப் போனதுதான். இருவது வருசம் சுருட்டுனது பூராம் நான் சுருட்டவே இல்லேன்னு ஆயிட்டு. எனக்கு எழுத்து தெரியாது. ஒனக்குத் தெரியும்லா.” சரி என்றேன். “கோவப்படாத. ஒனக்கு மூக்குக்கு மேல வரும்.” வைத்துவிட்டாள். எனக்கு எழுத்து தெரியும். ஆங்கிலம் தெரியும், இந்தத் தாளை நூறு முறை வாசித்துவிட்டேன். அம்மாவுக்காவது எழுத்து தெரியாது என்று ஒரு சாக்கு இருந்தது.

ஐம்பத்தெட்டு. பயமாகவும் இருக்கிறது, இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முப்பத்து நான்கு வயது. கையெழுத்துப் போடவில்லை என்றால் இந்தக் கட்டுரை போகாது, அது போகாவிட்டால் எனக்கு அடுத்ததும் இல்லை, அவர் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் ஒரு கல்லூரிகூட உள்ளே விடாது. இசக்கி கோபக்காரி, அவளோடு வேலை செய்ய முடியாது என்று ஒரு வரி போதும், அதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். போட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். எப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கிறேனா? மெஷினின் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. வலப்பக்கம் அழகாக வட்டமாக இருப்பது அவர் வைத்தது. அன்றைக்கு நான் இடக்கையால் குங்குமத்தை எடுத்தேன், வேலைக்கு நடுவில், யோசிக்காமல். “அந்தக் கையால வேண்டாம்மா, மெஷின் கோவிச்சுக்கும்,” என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் சுண்டல் கிண்ணத்தை நீட்டினேன். அவர் வாங்காமல் நின்றார். கிண்ணம் அந்தரத்தில், என் கையும் அந்தரத்தில், எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, “கைய மாத்தும்மா” என்றார் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. மாற்றினேன். இந்த மெஷினுக்குள் ஒரு சொட்டுக் கரைசலை நுரை எழும்பாமல் விடுவது எந்தக் கை என்று அவருக்குத் தெரியுமா? ஆறு வருஷத்தின் அத்தனை அளவும் பீச்சாங்கை எடுத்த அளவு. அதைத்தான் நம்ம ஹெலிக்ஸ் என்கிறார்.

அறுபத்தொன்பது. படத்தை மறுபடி பார்க்கிறேன், ஒன்பதாவது முறை, இந்த முறை கையைத் தூக்கவில்லை, சும்மா பார்க்கிறேன். ஹைதராபாத் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், முன்பு மாதிரி இனிக்கவில்லை. எங்கேயோ சிக்குகிறது. அந்த இருபதடித் திரையில் இருக்கப்போவது அவர் இல்லை, இது. புத்தகம் முறிப்பது என்று ஒதுக்கியது, அவர் ஒழுங்கில்லாதது என்று தள்ளியது, உப்புக்கு அடியில் ஒளிந்திருந்தது, நான் தோண்டி எடுத்தது. இத்தனைக்கும் பிறகு வெளியே வருகிற முதல் நாளே அதன் கையைப் பிடித்துப் பெஞ்சுக்காலில் கட்டி வலக்கைக்கு மாற்றி அனுப்புகிறார்கள். பெயர் எழுத இடம் இடித்ததாம். யார் பெயர்? அதைப் பார்த்து நல்லாருக்கு என்று சொன்னவள் நான். ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்து நல்லாருக்கு டீச்சர் என்று சொன்ன மாதிரி. சீ. வயிறு எரிகிறது. என் பெயரை எடுத்தபோதுகூட இப்படி எரியவில்லை. எனக்கு அவர்மேல் இருக்கிற கோபத்துக்கு இதைப் பலி கொடுக்க இருந்தேனே, அப்படியானால் எனக்கும் அந்தப் பீடிக்கடைக்காரனுக்கும் என்ன வித்தியாசம், அவனாவது எதிர்ச்சுற்று என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் வீசினான்.

எண்பத்திரண்டில் கதவு திறந்தது. “முடிஞ்சுதாம்மா?” என்றார் கைடு. இடக்கையில் போன், வலக்கை கதவில். இன்னும் மூன்று டிகிரி இருக்கிறது என்றேன். கதவைச் சாத்துங்கள் சார் என்று சொன்னது என் குரல்தான், கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. சாத்தினார். பக்கத்துத் திரையில் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “ஆங், இதான். பிரமாதமா வந்திருக்கில்ல?” 

“சார், இது எந்தப் பக்கம் சுத்துது?”

“என்னம்மா, எனக்கே வைவாவா?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கதவிலிருந்து கையை எடுத்து, கட்டைவிரலை மேலே நீட்டி, விரல்களை மடக்கித் திரைக்கு எதிரே கொண்டுபோனார், ஒரு சுற்று, இரண்டு சுற்று, கை அந்தச் சுருளோடு சேர்ந்து தானாக ஏறியது. “பாரு. கரெக்டா உக்காருது.”

“அது எந்தக் கை சார்?”

சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. அவர் தன் கையைப் பார்த்தார். போன் இருந்த கையைப் பார்த்தார். மறுபடி மடக்கியிருந்த வலக்கையைப் பார்த்தார். நெற்றியில் ஏறியிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். “நிகிலேஷ்...” என்றார், கூப்பிடுவது போலவும் இல்லை, திட்டுவது போலவும் இல்லை.

“பேர் எழுத இடம் இடிச்சுதாம் சார். திருப்பிப் போட்டுட்டான்.”

“நீ எப்ப பாத்த?”

“காலைல பத்து மணிக்கு.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“நான் அளவீடுகள்ல உதவினவதானே சார்.”

அவர் முகம் சிவந்தது. ஒரு கணம் கத்தப்போகிறார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். கத்தவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார், அந்தப் பொறுமையான குரல், சுண்டல் கிண்ணத்துக் குரல். “சரி சரி, நல்ல வேளை. அதெல்லாம் அப்புறம் பேசலாம். நீ படத்த மட்டும் சரி பண்ணிடும்மா. அந்தத் தாள்ல அப்படியே கையெழுத்துப் போட்டுக் குடு, அஞ்சு மணிக்கு அனுப்பணும்.” சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினார். அவ்வளவுதான். தவறு அவர்களுடையது, சரி செய்வது உதவியவர் வேலை, இடத்தில் மாற்றமில்லை.

பேனாவை வாங்கினேன். எந்தக் கையால் வாங்கினேன் என்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அவர், “அந்தக் கை...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் மாற்றவில்லை. தாளை மெஷின் மேல் வைத்து, முதல் கட்டத்தில் இருந்த பெயரை ஒரு கோட்டால் அடித்தேன். அதற்கு மேலே தமிழில் எழுதத் தொடங்கினேன். இருபத்தெட்டு வருஷமாக எழுதாத கை, எழுத்தை மறந்திருந்தது, இல்லை, கற்றுக்கொள்ளவே விடப்படாத எழுத்து. இ-யின் சுழியைப் போட்டு முடிக்கவே நேரம் எடுத்தது. க்-கின் புள்ளி எங்கோ போய் விழுந்தது. இசக்கியம்மாள். இரண்டாவது கட்டத்தில் இருந்த என் பெயரையும் எதிரே இருந்த ‘உதவியவர்’ வரியையும் அடித்து, நிகிலேஷை அங்கே கொண்டுவந்தேன். மெஷின் பீப் என்றது, எண்பத்தைந்து. கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தை வெறுமனே விட்டேன்.

“இதே வரிசையில டைப் பண்ணிக் கொண்டு வாங்க சார். அப்பப் போடறேன். படத்தையும் அப்பத் தர்றேன்.”

“மணி நாலே கால் ஆகுது இசக்கி.”

“தெரியும் சார்.”

“நான் ஒத்துக்கலைன்னா?”

“அனுப்ப முடியாது. எனக்கும் தீசிஸ் இல்ல. அது எப்படியும் இல்லதானே சார்.”

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருந்தது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல, ஆனால் யாரும் படித்துவிடலாம். எனக்குள் இருப்பது கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும் ஒரே சூடாக இருந்தது. வெளியே நடைபாதையில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தாளுக்காக வலக்கையை நீட்டினார்.

நான் இடக்கையாலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.